மஞ்சள் கருவும் முயலின் தமனியும்

தமனிகள் தடித்து அடைபடுவது முதுமையோடு வந்தே தீரும் தேய்மானம் என்றுதான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை அசைத்த ஆய்வு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ராணுவ மருத்துவ அகாதெமியில் நடந்தது. அதைச் செய்த நிகொலாய் அனிச்கோவ் 1885-இல் பிறந்தவர். ஆய்வு முடிவு 1913-இல் வெளியானபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

அதே அகாதெமியில் 1908-இல் இக்னாதோவ்ஸ்கி என்பவர் முயல்களுக்கு இறைச்சி, பால், முட்டை கொடுத்து வளர்த்தார். அவற்றின் தமனிகள் தடித்தன. விலங்குப் புரதம்தான் குற்றவாளி என்று அவர் எண்ணினார். அடுத்து வந்த ஸ்டக்கி, உணவுகளைத் தனித்தனியே பிரித்துக் கொடுத்தார். வெள்ளைக் கரு உண்ட முயல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மஞ்சள் கரு உண்டவற்றுக்கு மட்டுமே கோளாறு வந்தது. புரதத்தின் மீதிருந்த பழி அத்தோடு விலகியது.

அனிச்கோவும் அவருடைய சகா கலாதோவும் அங்கிருந்து தொடங்கினார்கள். மஞ்சள் கருவிலிருந்து கொலஸ்ட்ராலைப் பிரித்தெடுத்து, சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குப் புகட்டினார்கள். வேறு சில முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் கலக்காத வெறும் எண்ணெய் மட்டுமே. ஆய்வின் உயிர்நாடி இந்த ஒப்பீடுதான். இது இல்லாவிட்டால் எண்ணெய்தான் கெடுத்தது என்று யாரும் வாதாடியிருக்கலாம். எண்ணெய் மட்டும் உண்ட முயல்களின் தமனிகள் பழுதில்லாமல் இருந்தன. கொலஸ்ட்ரால் உண்டவற்றின் பெருந்தமனிச் சுவரிலோ கொழுப்புத் திட்டுகள் படிந்திருந்தன. நுண்ணோக்கியின் கீழ், கொழுப்புத் துளிகளை விழுங்கி விழுங்கி உப்பிப்போன செல்கள் நுரை திரண்டதுபோல் தெரிந்தன. தமனி கிளை பிரியும் இடங்களில் படிவு அதிகம். மனிதத் தமனிகளிலும் நோய் பிடிக்கும் இடங்கள் அவையே. கொலஸ்ட்ராலை நிறுத்திப் பழைய தீனிக்கு மாற்றியபோது படிந்த கொழுப்பு மெல்லக் குறைவதையும் அனிச்கோவ் பின்னர் கண்டார்.

இவ்வளவு தெளிவான சான்று பல பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்தது. எலியிலும் நாயிலும் செய்து பார்த்தவர்களுக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை. மேய்ந்து வாழும் முயலுக்கு முட்டைக் கொழுப்பைக் கொடுத்தால் வேறென்ன ஆகும் என்று அவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். உண்மையில், எலியும் நாயும் மிகுதியான கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. அவற்றின் இரத்தத்தில் அளவு ஏறுவதே இல்லை. பிறகு தமனியில் படிவது எப்படி? முயலின் உடலுக்கு அந்தத் திறன் குறைவு.

1950-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஜான் காஃப்மன் முயல் ஆய்வைத் திரும்ப எடுத்தார். அதிவேகச் சுழற்சிக் கருவியில் இரத்தத்தைச் சுழற்றி, கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் புரதத் துகள்களை வகை பிரித்தார். அவற்றில் அடர்த்தி குறைந்தவற்றுக்கும் தமனி நோய்க்கும் தொடர்பு இருப்பது தெரிந்தது. இன்று இரத்தப் பரிசோதனைச் சீட்டில் எல்.டி.எல். என்று அச்சாவது அந்த வகைதான்.

முயலின் கணக்கை அப்படியே மனிதனுக்குப் போட முடியாது. மனித இரத்தத்தில் எல்.டி.எல். அளவைக் கூடுதலாக உயர்த்துவது உணவிலுள்ள கொலஸ்ட்ராலைவிட வெண்ணெய், கொழுப்பு இறைச்சி போன்றவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பே என்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. ஆனால், இரத்தத்தில் மிகுந்த கொலஸ்ட்ரால் தமனிச் சுவருக்குள் புகுந்து நோயை உண்டாக்குகிறது என்ற அனிச்கோவின் அடிப்படை முடிவு இன்றும் நிலைத்திருக்கிறது.