அரிசிக் கூன்வண்டும் மக்காச்சோளக் கூன்வண்டும்

அரிசியைப் புடைக்கும்போது முறத்தில் ஊரும் மூக்கு நீண்ட வண்டுக்கு 1763-இல் லின்னேயசு அறிவியற்பெயர் சூட்டினார். இன்று அது சைட்டோபிலசு ஒரைசே எனப்படுகிறது. அதன் நெருங்கிய உறவான சைட்டோபிலசு சியாமைசு என்னும் மக்காச்சோள வண்டை 1855-இல் மோட்சுல்சுகி விவரித்தார்.

இரண்டுக்கும் முதுகில் நான்கு செம்மஞ்சள் திட்டுகள் உண்டு. அதனால் நெடுங்காலம் இவற்றை ஒரே இனத்தின் சிறிய, பெரிய வடிவங்கள் என்றே பலரும் கருதினர். உடலளவை நம்புவதற்கில்லை. புழு தானியமணிக்குள்ளேயே வளர்வதால், சிறிய மணியில் வளர்ந்த வண்டு சிறுத்தே வெளிவரும்.

உறுதியான வேறுபாடு ஆண் வண்டின் புணர்ச்சியுறுப்பில் உள்ளது. அரிசி வண்டில் அதன் மேற்புறம் வழவழப்பானது. மக்காச்சோள வண்டில் இரு நீள்பள்ளங்கள் உண்டு. கண்ணுக்கு எட்டாத இந்தப் பள்ளங்களைப் பார்க்க வண்டை அறுத்து நுண்ணோக்கியில் வைக்க வேண்டும்.

பெயர்க்குழப்பத்தை 1961-இல் குசெல் தீர்த்தார். அதற்கு முந்தைய நூல்களில் வரும் ‘அரிசி வண்டு’ எது என்பதை, அன்று பாதுகாத்து வைத்த வண்டு கிடைத்தால்தான் உறுதியாகச் சொல்லலாம்.