நோவறியாக் கால்

கிளிஞ்சல்மேடு என்னும் பெயரைக் கேட்டதுமே நம் உள்ளங்கால் கூசுகின்றது. காரைக்காலைச் சார்ந்த அம்மீனவர் ஊரில், கரைமணலில் கிளிஞ்சல் ஓடு குத்தியதும் காலைச் சட்டெனத் தூக்கிக்கொள்வர். நெடுநாள் நீரிழிவினால் நரம்பு மரத்துப் போனவரோ தூக்குவதில்லை. குத்தியதையே அவர் அறியார். புண்பட்ட காலை ஊன்றியே நடப்பார். புண் ஆழ்ந்து, சீழ் வைத்து, முடிவில் காலையே இழக்க நேர்வதும் உண்டு.

நோவறியாமையின் இத்தீங்கை விளக்கிய ஆராய்ச்சி நம் வேலூரில் நிகழ்ந்தது. அதுவும் நீரிழிவை நாடியன்று, தொழுநோயை நாடி. ஆங்கிலப் பெற்றோருக்குக் கொல்லிமலையில் 1914இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் தசை தானே அழுகி உதிர்கிறது என்பதே அந்நாளையக் கருத்து. உணர்வற்ற பாதத்தில் ஒரே இடத்தில் ஓயாது விழும் அழுத்தமே புண்ணை வளர்க்கிறது என்று அவர் கண்டார். மாவுக்கட்டிட்டு அழுத்தத்தைத் தணித்தபோது புண்கள் ஆறின. (இலங்கையில் மில்ராய் பால் என்னும் அறுவை மருத்துவர் இம்முறையை முன்னரே கையாண்டிருந்தார்.) 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், அதனை நீரிழிவுப் பாதத்துக்கும் பயன்படுத்தலானார்.

அழுத்தம் நீங்கலாம், உட்புகுந்த கிருமி நீங்குமோ? 1941இல் பென்சிலின் நோயாளிகளுக்கு ஊசி வழியே ஏற்றப்பட்டபோது, இனிச் சீழுக்கு அஞ்ச வேண்டுவதில்லை எனப் பலர் மகிழ்ந்தனர். அவசர மகிழ்ச்சி அது! கிருமிகளுக்குச் சாயமேற்றி, ஊதா நிறத்தைப் பற்றிக்கொள்வன, பற்றாதன என்னும் இருவகையை டேனிய மருத்துவர் கிராம் 1884இலேயே காட்டியிருந்தார். பென்சிலின் பெரும்பாலும் முன்னதையே கொல்லும். மேனாட்டு நீரிழிவுப் புண்களில் மிகுதியாகக் காணப்படுவதும் அவ்வகையே. நம் நாட்டு ஆய்வுகள் பலவற்றிலோ, சூடோமோனாஸ் முதலிய மற்றை வகை மிகுந்திருக்கின்றது. மேனாட்டு நூலில் உள்ள மருந்தை அப்படியே எழுதிக் கொடுத்தால் இங்கே பயன்படாமற் போகலாம்.

ஆதலின் கிருமியை அறிந்தே மருந்தைத் தெரிவு செய்தல் வேண்டும். புண்ணின் மேற்பரப்பைப் பஞ்சால் துடைத்தெடுத்தால், தோலில் வாழும் பிற கிருமிகளும் உடன் வந்து மயக்கும். புண்ணைத் தூய்மை செய்தபின், ஆழத்திலிருந்து சிறிது தசையை எடுத்து, அதிலுள்ள கிருமியை வளர்த்து, எம்மருந்துக்கு அது மடிகிறதென்று பார்க்கின்றனர். விடை வரச் சில நாட்கள் ஆகும். நோய் கடுமையாயின் அதுவரை காத்திரார். பலவகைக் கிருமிகளையும் தாக்கும் மருந்தைத் தொடங்கி, விடை வந்ததும் உரியதற்கு மாறுவர். சிவப்பு, வெப்பம், வீக்கம், வலி, சீழ் ஆகிய குறிகள் இல்லாத புண்ணுக்கோ கிருமிக்கொல்லி மருந்தே வேண்டியதில்லை. கடையில் கேட்டு வாங்கிய நான்கு மாத்திரை எளிய கிருமிகளை மட்டும் கொன்று, வலியவற்றை எஞ்ச விடும். குறைந்த அளவில் மருந்துண்பதால் விளையும் இந்தக் கேட்டைப் பென்சிலினைக் கண்டறிந்த பிளெமிங்கே, 1945இல் ஆற்றிய தம் நோபல் உரையில் எடுத்துரைத்திருந்தார்.