கூரை மடக்கும் மகிழுந்தின் சட்டக வலுவூட்டல்

கூரை மடக்கும் மகிழுந்தின் சட்டக வலுவூட்டல் என்பது, நிலையான கூரை இல்லாததால் வண்டியின் உடற்கூடு இழக்கும் விறைப்பைக் கூடுதல் எஃகு உறுப்புகளால் ஈடுசெய்யும் பணியாகும். 'கன்வர்ட்டிபிள்' எனப்படும் இவ்வகை மகிழுந்துகளில் இப்பணியின் ஒரு பகுதியைத் தயாரிப்பு நிறுவனமே செய்துவிடுகிறது. மேலும் தேவைப்படுவதை உரிமையாளர்கள், கடைகளில் தனியே விற்கப்படும் உறுப்புகளை வாங்கிப் பொருத்திக்கொள்கின்றனர்.

கூரையின் பங்கு

மூடி ஒட்டப்பட்ட ஓர் அட்டைப்பெட்டியின் இரு முனைகளையும் பிடித்து முறுக்கினால் அது எளிதில் வளையாது. மூடியை வெட்டி எடுத்துவிட்டு முறுக்கினால் அதே பெட்டி தளர்ந்து கோணும். மகிழுந்தின் நிலையும் இதுவே. கூரை வெயிலையும் மழையையும் மட்டும் தடுப்பதில்லை; தளம், தூண்கள், பக்கச் சுவர்கள் ஆகியவற்றோடு சேர்ந்து அது ஒரு மூடிய பெட்டியாக நின்று முறுக்கு விசையைத் தாங்குகிறது. கூரையை நீக்கினால் அந்தச் சுமை முழுவதும் தளத்தின் மீதும், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பக்க விட்டங்களின் மீதும் விழுகிறது. மேடுபள்ளமான சாலையில் முன்கண்ணாடிச் சட்டமும் திசைமாற்றிச் சக்கரமும் நடுங்குவதற்கும், கதவிடுக்குகள் மாறுவதற்கும் இதுவே காரணம்.

தொடக்க வரலாறு

தொடக்ககால மகிழுந்துகளில் ஏணி வடிவ அடிச்சட்டம் தனியாக இருந்தது. எந்திரமும் சக்கரங்களும் அதனுடன் இணைந்திருந்தன. உடற்கூடு அதன்மேல் அமர்த்தப்பட்டது. எனவே கூரை துணியால் ஆனதா தகட்டால் ஆனதா என்பது பெரிய சிக்கலாக இருக்கவில்லை.

1922இல் இத்தாலியின் லான்சியா நிறுவனம் லாம்ப்டா என்னும் மகிழுந்தை வெளியிட்டது. அதில் தனி அடிச்சட்டம் கிடையாது; உடற்கூடே சுமையைத் தாங்கியது. அது திறந்த வண்டி என்பது குறிப்பிடத்தக்கது. உயர்ந்த பக்கச் சுவர்களும், நடுவே சுழல்தண்டு செல்லும் குகை போன்ற பகுதியும் அதற்கு விறைப்பைத் தந்தன. 1934இல் பிரான்சின் சிட்ரோயன் நிறுவனம் டிராக்சியான் அவான் மகிழுந்தில் ஒருங்கிணைந்த எஃகு உடற்கூட்டைப் பயன்படுத்திப் பெருமளவில் தயாரித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இம்முறை பரவலானது. அதன் பின்னரே கூரையை நீக்குவது ஒரு கட்டமைப்புச் சிக்கலாக மாறியது.

போர்டு மசுடாங்

அமெரிக்காவில் 1964 ஏப்ரல் 17 அன்று அறிமுகமான போர்டு மசுடாங், இச்சிக்கலுக்கு நல்ல எடுத்துக்காட்டு. பால்கன் என்னும் சிக்கன மகிழுந்தின் அடிப்படையில் உருவான இது, நிலையான கூரையுடனும் மடக்குக் கூரையுடனும் விற்கப்பட்டது. மடக்குக் கூரை வண்டிக்குப் பக்க விட்டங்களும் தளமும் கூடுதலாக வலுவூட்டப்பட்டதால் அதன் எடையும் கூடியது. 1965இல் வெளிவந்த செல்பி ஜிடி350 வகையில், நிலையான கூரை இருந்தும், முன் அதிர்வுதாங்கிக் கோபுரங்கள் இரண்டையும் இணைக்கும் குறுக்குத் தண்டு பொருத்தப்பட்டது.

1973க்குப் பின் பத்தாண்டுகள் மசுடாங்கில் மடக்குக் கூரை வகை இல்லை. 1983இல் அது திரும்பவும் வந்தது. அப்போதைய மசுடாங் 1979இல் அறிமுகமான உடற்கூட்டைக் கொண்டிருந்தது. அதன் முன்சட்ட விட்டங்களும் பின்சட்ட விட்டங்களும் நேரடியாக இணையவில்லை; இடையில் இருந்தது மெல்லிய தளத் தகடு. எட்டு உருளை எந்திரத்தின் திறன் கூடக்கூட, உடற்கூட்டின் நெகிழ்ச்சி வெளிப்படையாகத் தெரிந்தது. இவ்விரு பகுதிகளையும் தளத்தின் அடியில் நீளவாக்கில் இணைக்கும் எஃகு விட்டங்களை உரிமையாளர்கள் வாங்கிப் பொருத்தலாயினர்.

பொருத்தும் முறை

இணைப்பு விட்டங்கள் திருகாணியால் பூட்டப்படலாம். பற்றவைத்தால் பிணைப்பு உறுதியாக இருக்கும். பற்றவைக்கும்போது வண்டியின் எடை சக்கரங்களின் மீதோ, அச்சுகளின் மீதோ இருக்க வேண்டும். உடற்கூட்டைத் தூக்கி, சக்கரங்கள் தொங்கும் நிலையில் பற்றவைத்தால், அப்போது ஏற்பட்டிருக்கும் வளைவு நிலைத்துவிடும். பிறகு கதவுகள் சரியாக மூடாமல் போகலாம். பக்க விட்டங்கள் துருப்பிடித்திருந்தால் முதலில் அவற்றைச் சீர்செய்ய வேண்டும். துருவேறிய தகட்டில் புதிய எஃகை ஒட்டுவது பயன் தராது. அருகிலுள்ள தகடு கிழியவும் கூடும்.

முன்கோபுரத் தண்டு மலிவானது, எளிதில் பொருத்தலாம். ஆனால் வண்டியின் நடுப்பகுதியே தளர்ந்திருக்கும்போது அதனால் கிடைக்கும் பயன் குறைவு. கூரை இல்லாத வண்டியில் முதலில் கவனிக்க வேண்டியது தளமும் பக்க விட்டங்களுமே.

வரம்புகள்

கூட்டப்படும் ஒவ்வொரு விட்டமும் எடையைக் கூட்டுகிறது. 1989இல் வெளிவந்த மாசுடா எம்எக்சு-5 தொடக்கத்திலிருந்தே திறந்த வண்டியாக வடிவமைக்கப்பட்டது. பற்சக்கரப் பெட்டியையும் பின்னச்சு வேறுபாட்டுப் பல்லிணையையும் ஓர் அலுமினியச் சட்டம் இணைத்தது.

விறைப்பு வேறு, பாதுகாப்பு வேறு. தளத்தின் அடியில் பொருத்தப்படும் விட்டங்கள் அதிர்வைக் குறைக்கும். வண்டி கவிழ்ந்தால் பயணியின் தலையைக் காக்கா. அதற்கெனத் தனிக் காப்பு வளையம் வேண்டும். 1989இல் அறிமுகமான மெர்சிடிசு-பென்சு எசுஎல் மகிழுந்தில், கவிழும் நிலையை உணர்ந்தவுடன் தானே எழும் காப்பு வளையம் அமைக்கப்பட்டது. கூரை செய்துவந்த இரு பணிகளுக்கும் தனித்தனியே மாற்று தேவை என்பதை இது காட்டுகிறது.