ஒடுக்கு எடுத்த கதை

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்துக் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்கம் வெள்ளி அணியக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக்கூடாது, சட்டை கூடாது, முடி கத்தரிக்கக்கூடாது, குடை செருப்பு கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. மீறிய சேரிகளில் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடுமாடு கொள்ளை போனது. ஆறு மாதத்தில், 1931 ஜூனில், எட்டு பதினொன்றாக வளர்ந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், இந்தியாவின் சாதியைப் பற்றி 1946இல் வெளியிட்ட நூலில் இதையெல்லாம் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். வெள்ளைக்கார அதிகாரி எழுதாமல் விட்டிருந்தால் 'அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கலையே' என்று இன்றைக்குச் சொல்லியிருப்பார்கள்.

பதினொன்றில் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, நம் பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்கவேண்டும். செம்புக்குடமோ பித்தளைக்குடமோ ஆகாது. இன்னொன்று, கல்யாணம் காட்சிகளில் மேளம் முதலான இந்திய இசை கூடாது. ஒன்று உலோகத்தின் மேல் தடை, மற்றது ஓசையின் மேல் தடை. உலோகமும் ஓசையும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு பொருள் எங்கள் வீட்டு உத்திரத்தில் தொங்கியது. அய்யாவின் யூபோனியம். ஒன்பதடிப் பித்தளைக் குழாயைச் சுருட்டிச் செய்த வாத்தியம். அப்பத்தா சாகும்வரை மண்குடத்தில் தண்ணீர் சுமந்தாள். அவள் பெற்ற பிள்ளை நாலு கிலோ பித்தளையைத் தோளில் போட்டுக்கொண்டு, தடை போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கல்யாணத்துக்கே ஊதப் போனார்.

தடையின் வாசகத்தில் 'இந்திய இசை' என்றுதான் இருக்கிறது. பேண்டு அதற்குள் அகப்படவில்லை. அந்தச் சந்தில்தான் பேண்டு நம்மிடம் வந்தது என்று நான் சாதிக்க வரவில்லை. அது வந்த பாதை வேறு. ஒரு பாதை பட்டாளம். சென்னை இராணுவத்தில், அதிலும் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் படையில், பறையர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பிறகு 'போர்க்குணமுள்ள இனம்' என்ற தத்துவத்தைச் சொல்லி வெள்ளைக்காரன் தாழ்த்தப்பட்டோரைப் படையிலிருந்து கழித்துக் கட்டினான். அம்பேத்கரின் தந்தை சுபேதாராக இருந்த படையிலேயே 1892க்குப் பிறகு மகர்களைச் சேர்க்கவில்லை. சீருடை போனாலும் ஊதக் கற்ற வாய் போகாது அல்லவா? இன்னொரு பாதை மிஷன். இரட்சணிய சேனை 1882இல் பம்பாயில் வந்து இறங்கியபோதே வாத்தியத்தோடுதான் இறங்கியது. தெருவில் ஊர்வலம் போனதற்காகப் போலீஸ் வழக்கையும் சந்தித்தது. இசை வரலாறு எழுதுகிறவர்கள் தஞ்சை சரபோஜியின் அரண்மனை பேண்டைச் சொல்வார்கள், பேண்டு மெட்டுக்குத் தீட்சிதர் எழுதிய நோட்டுஸ்வரத்தைச் சொல்வார்கள். தெருவில் வெயிலில் ஊதியவனை அந்த வரலாற்றில் தேடினால் கிடைக்கமாட்டான்.

நம்மிலும் குறை இருக்கிறது. பறையை விட்டொழிப்பதா, விடுதலைக் கருவியாக எடுத்தாள்வதா என்று 1990களில் பக்கம் பக்கமாக விவாதித்தோம். அந்த விவாதத்தில் பேண்டுக்கு இடம் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை. சாவுக்கு அடிக்கமாட்டேன் என்று பறையைக் கீழே வைத்த கைகள் பல அடுத்து எடுத்தது கிளாரினெட்டை, டிரம்பெட்டை. தொப்பி, பூட்ஸ், தோளில் சரிகைப் பட்டை. பட்டாளத்து உடுப்பைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்றச் சொல்ல நாக்கு கொஞ்சம் தயங்கும். உடுப்புக்குள் இருப்பவன் யாரென்று தெரிந்தவர்கள் தயங்கவும் மாட்டார்கள்.

இனி ஒடுக்குக்கு வருகிறேன். பித்தளை வாத்தியத்தின் தகடு அரை மில்லிமீட்டர் அளவுதான். பஸ்ஸின் மேலே போட்டால் ஒடுங்கும், கட்டாந்தரையில் வைத்தால் ஒடுங்கும், குடிகாரன் தட்டினால் ஒடுங்கும். வாத்தியங்கள் வந்தது மீரட்டிலிருந்து. பட்டாளத்து பேண்டு மாஸ்டராக இருந்த நாதிர் அலி என்பவர் 1885இல் தொழில் தொடங்கிய ஊர் அது. ஜாலி கோட்டி என்ற தெருவே வாத்தியத் தெரு. ஒடுக்கு எடுக்க அவ்வளவு தூரம் யார் அனுப்புவது? உள்ளூரில் பாத்திர வேலை செய்கிறவர் தெரு இருந்தது. அய்யா சின்ன வயதில் ஒரு டிரம்பெட்டைக் கொண்டுபோயிருக்கிறார். 'எச்சி பட்ட சாமான், அதுவும் ஒன் எச்சி' என்று தொடவில்லையாம். குடத்தில் ஒடுக்கு விழுந்தால் எடுத்துக் கொடுக்கும் கை, ஊதுகிற குழாய்க்கு மட்டும் வராது. அதனால் இந்த வேலையை நம் ஆட்களே கற்றுக்கொண்டார்கள். எங்கள் செட்டில் அதைச் செய்தவர் பெரியய்யா.

அவர் பட்டறை என்று சொல்வது வேப்பமரத்தடியில் புதைத்த ஒரு இரும்புக் கம்பி. கடப்பாறைக் கனம், நுனி வளைந்து உருண்டையாக இருக்கும். வாத்தியத்தின் வாயை அதில் மாட்டி, ஒடுக்கின் உட்பக்கம் உருண்டையில் பதிகிற மாதிரி பிடித்துக்கொண்டு, வெளியே வழவழப்பான இரும்பால் சோப்புத் தடவித் தேய்ப்பார். சுத்தியலை எடுக்கமாட்டார். நான் ஒருமுறை ஆர்வத்தில் தட்டிவிட்டேன். 'அடிச்சா தகடு வளரும்டா. வளர்ந்த தகட்ட எங்க கொண்டுபோய் வைப்ப?' என்றார். பிற்பாடு படித்தபோது அதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்று தெரிந்தது. அடிக்க அடிக்கப் பித்தளை மெலிந்து விரியும், இறுகவும் செய்யும். விரிந்தது பழைய வட்டத்துக்குள் அடங்காது. ஒடுக்கின் நடுவிலும் கை வைக்கமாட்டார். ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வருவார்.

கை நுழையாத வளைவுகளுக்குக் குண்டு. லாரி பட்டறையில் கிடைத்த பால்ரசு, புளியங்கட்டையில் கடைந்த உருண்டைகள், ஒரு நூல் ஒரு நூலாகப் பெரிதாகும் வரிசை. சின்னதைக் குழாய்க்குள் போட்டு, பின்னாலேயே இன்னொரு குண்டைப் போட்டுக் குலுக்குவார். பின்குண்டு முன்குண்டை இடிக்கும். முன்குண்டு ஒடுக்கை உள்ளிருந்து தள்ளும். டக், டக் என்று மத்தியானம் முழுக்கக் கேட்கும். பிறகு அடுத்த அளவு. இறுகிப்போன இடமானால் முதலில் பற்றவைப்பை விடுவிப்பார். ஈயப்பற்று 183 டிகிரியிலேயே உருகிவிடும், தகடு இளக அதைப்போலச் சில மடங்கு சூடு வேண்டும். அதனால் இணைப்பைக் கழற்றாமல் காய்ச்சினால் வாத்தியமே துண்டு துண்டாகக் கையில் வரும். மங்கலான சிவப்பு ஏறியதும் நெருப்பை எடுப்பார். பகலில் அந்தச் சிவப்பு தெரியாதென்று இருட்டிய பிறகுதான் காய்ச்சுவார். எல்லா ஒடுக்கையும் எடுக்கவும் மாட்டார். வாய் விரிந்த இடத்து ஒடுக்கு ஓசையை அவ்வளவாகக் கெடுக்காது. ஊதுவாயை ஒட்டிய குழாயில் சின்ன நெளிவு இருந்தாலும் சுதி நிற்காது. வால்வு உறையில் பட்டால் பிஸ்டன் இறங்காது.

1979 ஆவணியில் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். அதற்கு முந்தின வாரம் ஊருக்குள் பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு ஊதிய அதே செட்டு, அதே உடுப்பு. மாப்பிள்ளை ஊர்வலம் பொதுப்பாதையில் சாவடி வரை போனது. பொதுப்பாதையில் நம்மவர் நடக்கலாம் என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றியது 1924இல். ஐம்பத்தைந்து வருஷம் கழித்து அந்தத் தீர்மானம் எங்கள் ஊர்ச் சாவடியைத் தாண்டவில்லை. 'எங்க கல்யாணத்துக்கு ஊதுன வாத்தியத்த ஒங்க கல்யாணத்துக்கும் ஊதுவீகளோ?' என்று கேட்டார்கள். கேட்டது அவ்வளவுதான். யூபோனியத்தைப் பிடுங்கிக் கல்தூணில் அடித்தார்கள், கீழே போட்டு மிதித்தார்கள். அய்யாவுக்கு உதடு கிழிந்தது. ஊதுகிறவனுக்கு உதடு என்றால் என்ன என்று அடித்தவனுக்குத் தெரிந்திருந்தது.

மூன்று நாள் அலைந்த பிறகு புகார் எழுதினார்கள். பொருள் பட்டியலில் 'யூபோனியம்' இல்லை. 'நசுங்கிய பழைய பித்தளைச் சாமான், சுமார் நாலு கிலோ' என்று இருந்தது. எடைக்கு என்ன வருமோ அதுதான் மதிப்பு. வாத்தியத்தைச் சான்றுப் பொருள் என்று எடுத்துக்கொண்டார்கள். 'நீ சரி பண்ணிட்டா அப்புறம் கேஸ் எங்க இருக்கும்?' என்று கேட்டபோது பெரியய்யாவிடம் பதிலில்லை. நியாயமான பேச்சு மாதிரித்தான் இருந்தது. ஒடுக்கோடு இருந்தால் அது சாட்சி. ஒடுக்கை எடுத்தால் சோறு. இரண்டில் ஒன்றுதான் என்று எல்லோரும் நம்பினோம்.

ஐப்பசி முகூர்த்தம் போனது, கார்த்திகை போனது. யூபோனியம் இல்லாத செட்டை அரைக்கூலிக்குக் கூப்பிட்டார்கள். பதினோரு குடும்பம். மார்கழிக் கடைசியில் 'ராசியாப் போறோம்' என்று கையெழுத்துப் போட்டார் அய்யா. நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். வழக்கை விற்றுவிட்டீர்கள் என்று கத்தினேன். 'நீ கட்டுற ஃபீசு இந்தக் கிழிஞ்ச ஒதடு வழியாத்தாண்டா வருது' என்றார். பல கூட்டங்களில் பல பேருடைய சமரசத்தைக் கடுமையாகப் பேசியிருக்கிறேன். அய்யாவின் சமரசத்தைப் பற்றி இன்றுதான் எழுதுகிறேன்.

தையில் வாத்தியம் வந்தது. ஸ்டேஷனுக்குப் பின்னால் பட்டிமாடுகளை அடைக்கும் கொட்டகையின் மூலையில் கிடந்திருக்கிறது. மழைக்காலம் முழுக்க, மாட்டு மூத்திர ஈரத்தில். பெரியய்யா கழுவித் துடைத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு ஒடுக்கின் விளிம்பிலும் மயிரிழை மாதிரிக் கீறல். விரலால் அழுத்தினால் வாய் திறந்தது. 'அடிச்சப்ப ஒடுங்குச்சு, வெடிக்கல. வச்ச எடத்துலல்ல வெடிச்சிருக்கு' என்றார். அடித்ததைவிட அவருக்கு அதுதான் ஆறவில்லை.

பத்துப் பதினைந்து வருஷம் கழித்து ஒரு உலோகவியல் புத்தகத்தில் இதைப் படித்தேன். வெள்ளைக்காரப் பட்டாளம் இந்தியாவில் தோட்டா உறைகளைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தது. எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம் கலந்த பித்தளை. மழைக்காலம் வந்தால் உறைகள் யாரும் தொடாமலே வெடித்துக் கீறின. பருவமழையில் வந்ததால் அதற்குப் பெயரே 'சீசன் கிராக்கிங்'. 1921இல் காரணம் கண்டுபிடித்தார்கள்: மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, காற்றின் ஈரம், அத்துடன் தகட்டை வளைத்தபோது உள்ளே தங்கிப்போன இறுக்கம். மூன்றும் சேர்ந்தால் பித்தளை பிளக்கும். பரிகாரம், இளஞ்சூட்டில் காய்ச்சி உள்ளிறுக்கத்தை முதலிலேயே எடுத்துவிடுவது. வாத்தியம் அன்று ராத்திரியே வீட்டுக்கு வந்திருந்தால் பெரியய்யா அதைத்தான் செய்திருப்பார்.

சட்டத்தையும் பிற்பாடுதான் படித்தேன். வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் பொருளை உரியவரிடம் ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் 451ஆம் பிரிவு 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது. அதாவது எங்கள் வாத்தியம் கொட்டகையில் கிடந்தபோதே இருந்தது. படம் எடுத்து, மகஜர் எழுதிக்கொண்டு, பொருளைத் திருப்பிக் கொடு, ஸ்டேஷனில் போட்டு மக்கவிடாதே என்று உச்ச நீதிமன்றம் 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொன்னது. 2024 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் அது 497ஆம் பிரிவு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் கல்யாண ஊர்வலத்தைத் தடுப்பதைப் பெயர் சொல்லியே குற்றமாக்கியிருக்கிறது. சாட்சியும் சோறும் ஒன்றாகவே இருந்திருக்க முடியும். வழக்கு நடத்தும் தோழர்கள் டிராக்டர், மோட்டார் சைக்கிளுக்கு மனுப் போடுகிறார்கள். தவிலுக்கும் டிரம்பெட்டுக்கும் தையல் மிஷினுக்கும் அதே மனுவைப் போடுங்கள்.

கீறலை அடைக்கத் தகடு வேண்டியிருந்தது. கீறல் மேலே ஓடாமல் நிற்க அதன் நுனியில் ஊசித்துளை போட்டாயிற்று. அதன் மேல் வைக்க மெல்லிய பித்தளை இல்லை. கடையில் வாங்கக் காசில்லை. அம்மா உள்ளே போய்த் தன் கல்யாணச் சீராக வந்த பித்தளைக் குடத்தை எடுத்து வந்தாள். ஊர்க்கிணற்றுக்கு ஒருநாளும் போகாத குடம். வீட்டுக்குள் நெல் போட்டு வைத்திருந்தாள். அடிப்பக்கம் ஓட்டை விழுந்து கிடந்தது. 'இதுல வெட்டிக்கங்க மாமா' என்றாள். பெரியய்யா அதை வாங்கிக் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தார். அப்புறம் கத்தரியைக் கேட்டார். மூன்று ஒட்டுகள், ஒன்று உள்ளங்கை அகலம்.

இப்போது கல்யாணங்களுக்கு டிஜே, செண்டை மேளம். பேண்டு செட்டுக்கு வருஷத்தில் எண்ணிப் பத்து நாள் அழைப்பு வந்தால் அதிகம். யூபோனியம் பெரியய்யா பேரனிடம் இருக்கிறது. போன பங்குனியில் பார்த்தேன். குடத்துப் பித்தளை கொஞ்சம் செம்பு கூடியது போல, ஒட்டு மூன்றும் பிராசோ போட்டுத் தேய்த்தும் நிறம் சேராமல் சிவந்து தெரிகின்றன. மூன்றாவது வால்வுக்குப் பக்கத்து ஒட்டில் லேசாகக் காற்றுக் கசிகிறது. கட்டைவிரலை அதன் மேல் அழுத்திக்கொண்டே ஊதுகிறான்.