பள்ளிச்சந்தம் முதல் சத்துணவு வரை: காஞ்சியில் கல்வி தழைத்த வழி

இன்று கல்விக்கூடத்தைக் குறிக்கும் ‘பள்ளி’ என்னும் சொல், பழங்கல்வெட்டுகளில் சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்தது. அங்குத் துறவியர் தங்கினர், நூல்களைக் கற்றனர், நாடி வந்தோர்க்குக் கற்பித்தனர். அவ்வுறைவிடங்களுக்கு விடப்பட்ட நிலம் ‘பள்ளிச்சந்தம்’ எனப்பட்டது. கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் உணவுக்கு வழி செய்தாலன்றிக் கல்வி நிலைபெறாது என்பதை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். காஞ்சி மாநகரின் கல்வி வரலாறு முழுவதும் இவ்வுண்மையையே உரைக்கின்றது.

பல்லவ மன்னன் சிம்மவர்மன் காலத்துப் பள்ளன்கோயில் செப்பேடு, பருத்திக்குன்றைச் சேர்ந்த வச்சிரநந்தி என்னும் சமண ஆசிரியருக்கு ஓர் ஊர் கொடையாக அளிக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றது. சினகாஞ்சி எனப் போற்றப்படும் திருப்பருத்திக்குன்றமே அப்பருத்திக்குன்று. பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அங்கு ஆசிரிய மரபு அறுபடவில்லை. மேருமந்தர புராணம் இயற்றிய வாமன முனிவரும், அவர் மாணாக்கர் புட்பசேனரும் அவ்வூரோடு தொடர்புடையோர். புட்பசேனரிடம் பயின்ற விசயநகர அமைச்சர் இருகப்பர், 1387–88ஆம் ஆண்டளவில் அங்குள்ள கோயிலில் சங்கீத மண்டபத்தை எழுப்பினார்.

கல்வி ஆடவர்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ஆதிபகவன் தம் புதல்வியருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்பது சமண மரபு. வந்தவாசிக்கு அருகிலுள்ள வேடலில் கிடைத்த, ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு கனகவீரக் குரத்தியார் என்னும் ஆசிரியையையும் அவர்தம் 500 மாணவியரையும் குறிப்பிடுகின்றது. அவர்களுக்கும் மற்றொரு குழுவினருக்கும் பிணக்கு நேர்ந்தபோது, அம்மாணவியரைக் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றனர். கற்போரைக் காப்பது ஊரின் கடமை என்பதற்கு இக்கல்வெட்டு சிறந்த சான்றாகும்.

ஆங்கிலேயர் காலத்தில் இக்கடமை வேறு வடிவம் பெற்றது. சென்னையில் துபாசியாக விளங்கிய பச்சையப்ப முதலியார் தம் பெருஞ்செல்வத்தை அறப்பணிகளுக்கென உயில் எழுதிவைத்து 1794இல் மறைந்தார். ஆனால் அப்பொருள் உரிய வழியில் செலவிடப்படாமல் வழக்குகளில் சிக்கியது. அரசு வழக்குரைஞர் ஜார்ஜ் நார்ட்டன் போன்றோரின் முயற்சியாலும், சென்னை உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டாலும் அறக்கட்டளை ஒழுங்குபெற்றது. எஞ்சிய தொகை கல்விக்கென ஒதுக்கப்பட்டது. 1842இல் சென்னையில் முதற்பள்ளி தோன்றியது. பின்னர்க் காஞ்சியிலும் பச்சையப்பன் பள்ளி அமைந்தது. கொடுப்பவர் ஒருவர் இருந்தால் மட்டும் போதாது, கொடையைக் காப்போரும் வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

காஞ்சியின் நெசவாளர் குடும்பமொன்றில் 1909இல் பிறந்த சி.என். அண்ணாதுரை இவ்வுயர்நிலைப் பள்ளியிலேயே பயின்றார். குடும்பத்தின் பொருள்முடையால் இடையில் படிப்பை நிறுத்தி, நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிய நேர்ந்தது. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, 1934இல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார், 1967இல் முதலமைச்சரானார். நாடறிந்த சொல்வன்மை கொண்டவரின் கல்வியையே வறுமை தடுத்து நிறுத்தியது எனில், பெயரறியாத எத்தனையோ சிறுவரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

காஞ்சியில் அவ்வறுமை தறியோடு பிணைந்திருந்தது. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் கோர்வைப் புடவையை நெய்வதற்கு நெசவாளருடன் ஓர் உதவியாளும் தேவை. கரையின் நாடாவைக் கோத்துக் கொடுக்கும் அவ்வேலையில் பெரும்பாலும் சிறுவர் அமர்த்தப்பட்டனர். சொந்தத் தறியில் பெற்றோர்க்குத் துணையாக இருந்தோர் சிலர்; பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்காகப் பிறர் தறியில் உழைத்தோர் பலர். பள்ளி மணி ஒலிக்கும் வேளையில் அவர்தம் கைகள் தறியிலிருந்தன. கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டமும், குழந்தைத் தொழிலை 1986ஆம் ஆண்டுச் சட்டமும் தடுத்தன. எனினும் சட்டத்தால் மட்டும் தறியிலிருந்த சிறுவர் வகுப்பறைக்கு வந்துவிடவில்லை. 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின்கீழ் அமைந்த சிறப்புப் பள்ளிகள் அவர்களுக்குப் பாடத்தோடு உணவும் உதவித்தொகையும் அளித்து, பின்னர் முறையான பள்ளிகளில் சேர்த்தன. காஞ்சிபுரம் மாவட்டமும் அத்திட்டத்தால் பயன்பெற்றது.

தமிழகப் பள்ளிகளின் மாணவர் நலத்திட்டங்கள் அனைத்திற்கும் இதுவே அடிப்படை. காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் விரிந்தது. எம்.ஜி.ஆர். 1982இல் அதனைச் சத்துணவுத் திட்டமாக்கினார்; 1984இல் 15 வயது வரையிலான மாணவர்க்கும் அது நீட்டிக்கப்பட்டதால் உயர்நிலைப் பள்ளிகளும் பயனடைந்தன. அண்ணாவின் பிறந்தநாளான செப்டம்பர் 15 அன்று, 2022இல் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. சீருடை, பாடநூல், மிதிவண்டி ஆகியன விலையின்றி வழங்கப்படுகின்றன. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேரும் மாணவியர்க்குப் ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் ரூ.1,000 அளிக்கப்படுகின்றது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்கள் 2020 முதல் ஒதுக்கப்பட்டுள்ளன.

சமண அறம் உணவு, மருந்து, அபயம், சாத்திரம் என நால்வகைத் தானங்களைக் கூறும். நண்பகலில் பள்ளியில் பரிமாறப்படும் சோற்றில் உணவு தானமும், மாணவர்க்கு நடத்தப்படும் மருத்துவப் பரிசோதனையில் மருந்து தானமும், தறியினின்று சிறுவரை மீட்பதில் அபய தானமும், கையில் தரப்படும் நூலில் சாத்திர தானமும் அமைந்துள்ளன. இந்நான்கும் ஒருங்கே நிகழும் இடம் பள்ளியே. அரசு செய்வது பெரும்பங்கு எனினும், மாலை வேளையில் பாடம் சொல்லித்தர ஆளின்றி, மேல்நிலைத் தேர்வுக்கு முன்பே படிப்பை விடும் பிள்ளைகள் இன்றும் உண்டு. அவரவர் ஊரிலுள்ள அரசுப் பள்ளியில் அத்தகைய ஒரு மாணவரின் படிப்புக்கு ஒரு குடும்பம் துணைநிற்குமாயின், வேடல் ஊரார் ஏற்ற பொறுப்பு இன்றும் தொடர்கின்றது எனலாம்.