வீடியோ கேம் ஆய்வு

கணினி, கன்சோல், கைப்பேசி ஆகியவற்றில் ஆடப்படும் கேம்களைக் கலைப்படைப்பாகவும் பண்பாட்டு நிகழ்வாகவும் கொண்டு ஆராயும் பல்கலைக்கழகத் துறை. கேம் தயாரிக்கக் கற்றுத்தரும் தொழிற்படிப்புகளிலிருந்து இது வேறுபட்டது.

விளையாட்டைக் குறித்த கோட்பாடு கேம்களுக்கு முந்தியது. சட்டம், போர், கவிதை எல்லாவற்றிலும் விளையாட்டின் கூறு உண்டு என்று டச்சு வரலாற்றறிஞர் யோகான் ஹௌசிங்கா 1938இல் 'ஹோமோ லூடென்ஸ்' நூலில் வாதிட்டார். பிரெஞ்சு அறிஞர் ரோஜே கய்வா 1958இல் விளையாட்டுகளைப் போட்டி, அதிர்ஷ்டம், பாவனை, கிறக்கம் என நான்காக வகுத்தார். 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 'ஸ்பேஸ்வார்' என்ற கணினி கேம் உருவானது; பத்தாண்டில் 'பாங்' கடைகளுக்கு வந்து காசு குவித்தது. கலைப்புலங்கள் அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பிப் பார்த்தவர்களில் முன்னோடி மேரி ஆன் பக்கிள்ஸ். திரையில் படமே இல்லாமல் எழுத்தாலேயே நடக்கும் 'அட்வென்ச்சர்' என்ற குகைப் பயண கேமைப் பற்றி இவர் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டை சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1985இல் ஏற்றது. அந்த வழியில் உடனே யாரும் தொடரவில்லை.

துறைக்கு அடித்தளமிட்ட ஆண்டு 1997. எம்.ஐ.டி.யின் ஜேனட் மரே 'ஹாம்லெட் ஆன் த ஹோலோடெக்' நூலில் கணினியைக் கதைசொல்லும் புதிய ஊடகமாகக் கண்டார். நார்வேயின் எஸ்பென் ஆர்சேத் 'சைபர்டெக்ஸ்ட்' நூலில் வேறு பக்கம் போனார்: வாசகர் உழைத்தால்தான் உருப்பெறும் பிரதிகள் தனி இனம், சீனத்து 'ஈ சிங்' நூலும் கணினி கேமும் அந்த இனத்தவை. 2001இல் ஆர்சேத்தை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 'கேம் ஸ்டடீஸ்' என்ற இணைய ஆய்விதழ் வெளிவந்தது. இலக்கியத் துறையும் திரைப்படத் துறையும் கேம்களைத் தம் குடியேற்ற நாடாக ஆக்கிக்கொள்ளக் கூடாது என்பது அதன் நிலைப்பாடு.

சண்டை மூண்டது 'டெட்ரிஸ்' பற்றி. விழுந்துகொண்டே இருக்கும் கட்டைகளில், ஓயாத வேலைப்பளுவில் சிக்கிய 1990களின் அமெரிக்க வாழ்க்கையை மரே கண்டிருந்தார். அது கேமிலேயே இல்லாத கதை என்று பின்லாந்தின் மார்க்கு எஸ்கெலினன் 'கேம் ஸ்டடீஸ்' முதல் இதழில் கடுமையாகத் தாக்கினார். விதிகளே கேமின் உயிர் என்போர் ஒருபுறம், கதை என்போர் மறுபுறம் எனப் பாடநூல்கள் இதை இருகட்சிப் போராகவே எழுதுகின்றன. விதிக்கட்சியின் தலைவராக அறியப்பட்ட கொன்சாலோ பிராஸ்காவோ 2003இலேயே, அப்படியொரு விவாதம் நடக்கவே இல்லை என்று கட்டுரை எழுதினார். மரேயின் வாசிப்பு அத்தனை ஏளனத்துக்கு உரியதல்ல. விதியே பொருள் தரும் என்பதைத்தான் அவரும் தொட்டிருந்தார். கேம் ஆய்வாளர் இயன் போகோஸ்ட் 2007இல் கேமின் இயங்குமுறையே வாதம் செய்யும் என்று விரித்துரைத்தது அதற்கு வெகுதூரத்தில் இல்லை.

சண்டைக்கிடையே நிறுவனங்கள் வேரூன்றின. 2003இல் கோபன்ஹேகன் தகவல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கேம் ஆய்வு மையம் அமைந்தது. 'டிக்ரா' என்ற பன்னாட்டு ஆய்வாளர் சங்கம் அதே ஆண்டு தன் முதல் மாநாட்டை உட்ரெக்டில் நடத்தியது. கியோட்டோவின் ரிட்சுமெய்கான் பல்கலைக்கழகம் 2011இல் தனி மையம் கண்டது.

பண்பாட்டு ஆய்வு ஆடுபவர்களிடமிருந்து தொடங்கியது. ஜஸ்டின் காசலும் ஹென்றி ஜென்கின்ஸும் 1998இல் தொகுத்த நூல், சிறுமியருக்கான கேம்களையும் பாலினப் பாகுபாட்டையும் விவாதித்தது. டி. எல். டெய்லர் 'எவர்க்வெஸ்ட்' என்ற இணைய கேமின் உலகுக்குள்ளேயே நாட்களைக் கழித்து, இனவரைவியலாளரின் கண்ணோடு 2006இல் நூல் எழுதினார். கொல்கத்தாவின் சௌவிக் முகர்ஜி 2017இல் கேம்களில் காலனியம் படியும் விதத்தை ஆராய்ந்தார்.

கேம் கலையா என்ற கேள்வி வெளியில்தான் அதிகம் கேட்டது. ஒருபோதும் கலையாகாது என்றார் திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 2012இல் 'பேக்-மேன்', 'டெட்ரிஸ்' உள்ளிட்ட 14 கேம்களைச் சேகரத்தில் ஏற்றது.

இன்று துறையை நெருக்குவது, ஆராயும் கேமைக் கையில் பெறுவதே. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் கணக்கிட்டது. நூலகங்கள் அத்தகைய கேம்களை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்தே ஆடத் தரலாம் என்ற விதிவிலக்கை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்தது. அதனால் ஸ்டான்போர்டிலுள்ள கேப்ரினெட்டி தொகுப்பு போன்ற சேகரங்களை நாடும் மாணவர் அந்த வளாகத்துக்கே பயணப்பட வேண்டியிருக்கிறது.