தாயின் சொல்லும் ஒரு சான்றே

புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு பிறந்த முத்துலட்சுமி ரெட்டியை நாம் எல்லோரும் அறிவோம். பெண்கள் மருத்துவம் பயில்வதே அரிதாயிருந்த நாளில் மருத்துவரானவர் அவர். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் நெஞ்சை விட்டு அகலவேயில்லை. அத்துயரமே 1954-ஆம் ஆண்டு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருவெடுத்தது. ஒரு வீட்டில் சிந்திய கண்ணீர், நாட்டுக்குப் பயன்படும் அறிவாயிற்று.

ஆனால், வாசகர்களே, வாய் திறக்க முடியாத துயரம் ஒன்றும் உண்டு. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட மகனைப் பெற்றவளின் துயரம் அது. அத்துயரத்திலிருந்தும் அறிவு பிறக்குமா? பிறந்திருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் இங்கே காணப்போகிறோம்.

புதுக்கோட்டைச் சீமையின் சிற்றூர் ஒன்றில் இத்தகைய மரணம் நேர்ந்ததாக எண்ணிப் பாருங்கள். தாய் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறாள். அவள் ஒப்பாரியில் எல்லாம் வந்துவிடுகிறது: பத்து நாளாக அவன் சரியாகச் சாப்பிடாதது, கடன் கொடுத்தவன் வாசலில் நின்று பேசியது, இரவில் தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. கேட்பவர்கள் கண்ணீர் விடுகிறார்கள். எழுதிக்கொள்பவர் எவரும் இல்லை. பிறகு காவலர் வருகிறார். அவர் ஏட்டில் ஒரே வரி ஏறுகிறது: ‘தீராத வயிற்றுவலி காரணமாக.’ இந்த வரியை நாம் நாளிதழ்களில் எத்தனை முறை படித்திருக்கிறோம்!

ஏன் இந்த மறைப்பு? அச்சமே காரணம். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 309-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க அது இடமளித்தது. துன்பப்பட்டவனைக் குற்றவாளியாக்கியது அச்சட்டம். அதனுடன் ஊர்ப் பழியும் சேர்ந்துகொண்டால், உண்மையை யார் சொல்வார்? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அத்தகையவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய பிரிவே இல்லை.

இனி ஆய்வின் கதைக்கு வருவோம். 1897-ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் எமில் துர்க்கைம் ‘தற்கொலை’ என்னும் நூலை வெளியிட்டார். ஐரோப்பிய நாடுகளின் அரசுப் பதிவேடுகளைக் கொண்டு, தனி மனிதரின் இம்முடிவுக்குப் பின்னே சமூகக் காரணங்கள் இருப்பதை அவர் காட்டினார். பெரும் சாதனைதான். ஆனால் அவர் முன் இருந்தவை எண்கள். அந்த எண்களே தவறாக இருந்தால்?

விடை அறுபதாண்டு கழித்து அமெரிக்காவில் கிடைத்தது. 1958-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய ஷ்னீட்மன், ஃபார்பெரோ, லிட்மன் ஆகிய மூவரும் புதிய முறை ஒன்றை வகுத்தனர். இறந்தவரின் தாய், மனைவி, நண்பர் முதலியோரிடம் பொறுமையாகக் கேட்டு, அவருடைய கடைசி நாட்களைத் திரும்பக் கட்டியமைக்கும் முறை அது. ‘உளவியல் பிரேதப் பரிசோதனை’ என்று அதற்குப் பெயர். இங்கே கத்திக்கு வேலையில்லை; காதுக்குத்தான் வேலை.

அதே அமெரிக்காவில் மற்றொரு மயக்கமும் நிலவிற்று. கறுப்பின மக்களிடையே தற்கொலை அரிது என்று பலரும் நம்பினார்கள். ஆனால் 1980-க்கும் 1995-க்கும் இடையே, 10 முதல் 19 வயது வரையிலான கறுப்பின இளையோரின் தற்கொலை விகிதம் இரு மடங்குக்கும் மேலாயிற்று. ‘நம்மிடம் அது இல்லை’ என்ற நம்பிக்கை பிள்ளையைக் காக்கவில்லை. பிள்ளையை இழந்த தாயைப் பேச விடாமல் செய்தது, அவ்வளவுதான்.

நம் தமிழகத்தில் நடந்தது என்ன? வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர், கணியம்பாடி வட்டாரத்தில் சுமார் 1,08,000 மக்களிடையே பணியாற்றி வந்தனர். அங்கு ஒவ்வொரு மரணத்தையும் ஊரிலேயே வாழும் சுகாதாரப் பணியாளர் வழியாக அறிந்து, வீட்டாரிடம் கேட்டுக் காரணத்தை உறுதிசெய்தனர். 1994 முதல் 1999 வரை இவ்வாறு கணக்கிட்டபோது, ஆண்டுதோறும் இலட்சம் பேருக்கு 95 பேர் இவ்வாறு இறந்தது தெரிந்தது. அந்நாளில் காவல்துறை ஏடுகளின்படி நாடு முழுவதற்குமான விகிதமோ பத்துப் பதினொன்றுதான்!

சென்னையில் 1986-இல் ‘சிநேகா’ அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவருடன் பணியாற்றிய ராஜ்குமாரும், இவ்வாறு இறந்த 100 பேரின் குடும்பங்களைச் சந்தித்தனர். அவர்களை வேறு 100 பேருடன் ஒப்பிட்டு, 1999-இல் ஆய்வு முடிவை வெளியிட்டனர். பின்னர் நாடு முழுவதிலும் வீடு வீடாகக் கேட்டறிந்த பேராய்வு ஒன்று 2012-இல் வெளிவந்தது. 2010-ஆம் ஆண்டில் 1,87,000 பேர் இவ்வாறு இறந்திருக்கலாம் என அது மதிப்பிட்டது. காவல்துறைக் கணக்கோ ஏறத்தாழ 1,35,000. இடையில் விடுபட்ட அரை இலட்சம் பேர் யார்? வீட்டாரிடம் கேட்ட பிறகே கணக்கில் ஏறியவர்கள்.

இவ்வாறு கேட்டதனால் விளைந்த பயன் என்ன என்று நீங்கள் வினவலாம். பயன் பெரிது. இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் உயிரை வாங்கியது நஞ்சு, பெரும்பாலும் பூச்சிமருந்து என்பது தெளிவாயிற்று. நாம் அதனை ‘மருந்து’ என்றே சொல்லி, வீட்டுக் கூரை இடுக்கில் செருகி வைக்கிறோம். மேலும், பிழைத்தவர்களை விசாரித்தபோது, பலர் அரை மணி நேரங்கூட எண்ணிப் பார்த்திருக்கவில்லை என்பதும் தெரிந்தது. ஆகவே அந்தக் கொடிய வேளையில் நஞ்சு கைக்கு எட்டாதிருந்தால், வேளையும் கடந்துபோகும், உயிரும் தங்கும்.

இது வெறும் ஊகமன்று. இலங்கை அரசு 1995-இலும் 1998-இலும் மிகக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்தது. 2005-க்குள் அந்நாட்டின் தற்கொலை விகிதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நம் கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் வட்டாரச் சிற்றூர்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுக் கிடங்கில் பூட்டி வைக்கும் திட்டம் சோதித்துப் பார்க்கப்பட்டது. அங்கும் நல்ல பலன் கண்டதாக 2013-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

அந்தத் தாயிடம் மீண்டும் செல்வோம். ‘நான் அன்று களையெடுக்கப் போகாமல் இருந்திருந்தால்…’ என்று அவள் தன்னையே நொந்துகொள்கிறாள். அறிவியல் அவளுக்குச் சொல்லும் விடை இதுதான்: ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் இருப்பதில்லை. கடன், குடி, மனச்சோர்வு, கைக்கெட்டிய நஞ்சு என்று பல கயிறுகள் முறுக்கேறிய முடிச்சு அது. அதனைக் கட்டியவள் அவள் அல்லள். நாம் செய்ய வேண்டியது, அவள் வீட்டுக்குப் போய் ‘ஏன் இப்படி ஆயிற்று?’ என்று துளைப்பதன்று. அருகில் அமர்ந்து அவள் சொல்வதைக் கேட்பது.

1991-ஆம் ஆண்டு அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஊர் ஊராகச் சென்று எழுத்தறிவு பரப்பியதை நாடே வியந்து பார்த்தது. எழுத்தைக் கொண்டு சென்ற அந்த ஊர்களுக்கு, கேட்கும் காதையும் நம்மால் கொண்டு செல்ல முடியாதா? உங்கள் வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று இன்றே பாருங்கள், பூட்டி வையுங்கள். பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கியிருக்கும் பிள்ளையிடம் நீங்களே பேச்சுக் கொடுங்கள். மனம் தளர்ந்தவர் எவராயினும் 104 அல்லது 14416 என்னும் எண்ணை அழைத்தால் தமிழிலேயே பேச ஆள் உண்டு. தாயின் சொல்லை மரணத்துக்குப் பின் கேட்டதால் நாம் பெற்ற அறிவு இது. அதனை மரணத்துக்கு முன் பயன்படுத்துவது நம் கையில் இருக்கிறது.